கெட்ட செய்தி யாரிடம் முதலில் வரும்

மென்பொருள் எஞ்சினியர்களை நடத்துகிற ஒருவர் நல்ல மனேஜரா என்று அறிய நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். ஏதாவது பிழைத்துப்போன நாளில் அந்தச் செய்தி யார் வாயால், எவ்வளவு சீக்கிரம் அவரிடம் வந்து சேருகிறது? பிழைவிட்டவரே வந்து சொன்னால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் சொன்னால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். வாடிக்கையாளர் போன் எடுத்துச் சொன்னால், அங்கே பல மாதங்களாகவே யாரும் யாருக்கும் உண்மை சொல்லவில்லை.

நிரல் எழுதத் தெரிந்தவரா, திட்டம் போடத் தெரிந்தவரா, கூட்டத்தில் பேசத் தெரிந்தவரா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். மூதூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரான கட்டைபறிச்சானில் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய பிறகு இந்த எண்ணம் எனக்குள் இன்னும் இறுகிவிட்டது. கொழும்பில் ஒரே மாடியில் இருந்தபோது ஒருவருடைய நடையைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று பிடித்துவிடலாம். இங்கே முகம் இல்லை. ஒரு குரல், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அவர்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

*

காலைக் கோல். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனின் முறை வந்தது.

"முடிஞ்சுதா தம்பி?"

"ஓம் அண்ணா. முடிஞ்ச மாதிரித்தான்."

"ஸ்கிரீனை ஒருக்காக் காட்டு, பாப்பம்."

ஸ்கிரீன் வந்தது. பிரவுசருக்குக் கீழே கறுப்பு ஜன்னல் பாதி மறைந்து கிடந்தது. அதில் சோதனை முடிவுகள் வரிசையாகப் பச்சை. அவன் மவுஸை வேகமாக உருட்டினான். கொஞ்சம் மேலே போகச் சொன்னேன். பச்சைகளுக்கு நடுவில் ஒரு சிவப்பு வரி.

மைக் சில விநாடி அடைபட்டிருந்தது. பிறகு, "அது என்ட லப்டொப்பிலதான் அண்ணா. பழைய லப்டொப். விடியக்காலை ஓட்டினா ஃபெயில் ஆகும். பிறகு சரிவரும்."

விடியக்காலை ஓட்டினால் ஃபெயில் ஆகும் என்று அவன் சொன்னதிலேயே முழு விடையும் இருந்தது. எங்கள் சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இலங்கை அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கிறது. நள்ளிரவு தாண்டினால் இங்கே புதிய திகதி, சேர்வருக்கு இன்னும் நேற்று. காலை ஐந்தரைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். மற்றவர்கள் ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறப்பதால் அவர்களிடம் எல்லாம் பச்சை. இவன் மட்டும் வீடு உறங்குகிற நேரத்தில், இரவு டேட்டா தனியாகக் கிடைக்கிற நேரத்தில், நாலு மணிக்கு எழும்பி வேலை செய்கிறவன். விடியக்காலையில் முன்பதிவு செய்கிற ஒவ்வொருவரையும் எங்கள் செயலி முதல் நாளில் போட்டுவிடும் என்பது அவன் ஒருவனின் கணினிக்குத்தான் தெரிந்திருந்தது. அவனோ தன் லப்டொப்பைத்தான் பிழை சொன்னான்.

அந்த இடத்தில் மனேஜரின் வாயிலிருந்து வருகிற முதல் வசனம் பெரிய விஷயம். "ஏன் நேற்றே சொல்லேல்ல?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்டால் அடுத்த சிவப்பு வரி இன்னும் ஆழமாக ஒளிக்கப்படும். "அப்ப விடியக்காலையில என்ன வித்தியாசம்? வா, ரெண்டு பேருமாத் தேடுவம்" என்றேன். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்தான். அவனேதான் கண்டுபிடித்தான்.

*

அவன் ஏன் மறைத்தான் என்று யோசிக்கும்போது அவனுடைய வயதைக் கணக்குப் பார்க்கிறேன்.

அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 2006 ஏப்ரலில், போரில் சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டு விழுந்தது. ஓகஸ்டில் மூதூரில் சண்டை. செப்டெம்பரில் சம்பூர் படையினர் கைக்குப் போனது. சனம் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம்களில் இருந்தது. சம்பூர்க்காரர் பலர் தங்கள் காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்துக் கிடந்தார்கள். அந்த வருடங்களில் பதிய வந்தவர், விசாரிக்க வந்தவர், பட்டியல் எழுத வந்தவர் எல்லோருக்கும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் அவர் எதிர்பார்க்கிற பதிலாகச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் பார்த்துப் படித்தார்கள். தாய்மார் கையைப் பிடித்து அழுத்தியே அதைப் படிப்பித்தார்கள். அது உயிர் காத்த படிப்பு. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து, இன்று ஒரு கோலில் என் முன்னால் இருக்கிறது. நான் கேட்கிற "முடிஞ்சுதா?" அதன் காதில் எந்தக் கேள்வியாக விழும்? பயமில்லாமல் உண்மை சொல்ல முடிவதை உளவியல் பாதுகாப்பு என்று புத்தகங்களில் எழுதியிருப்பதை வாசித்திருக்கிறேன். நல்ல புத்தகங்கள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு ஒரு ஆழம் உண்டு. இங்கே மனேஜர் நம்பிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை, அதற்கும் கீழே இருந்து தொடங்குகிறார். அதற்கு மாதங்கள் ஆகும். ஒரு கடுஞ்சொல்லில் அத்தனையும் போய்விடும்.

*

ஊரைப் பற்றிய எண்ணம் மூதூருக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே வெள்ளைக்காரன் மரம் நின்ற இடத்தில் 1893-இல் வைத்த கல் ஒன்று இருக்கிறது. றொபேட் நொக்ஸ் 1660-இல் பிடிபட்டதைச் சொல்லும் கல். பத்தொன்பது வருடம் கண்டி அரசனின் சிறையாளாக இருந்து தப்பி, 1681-இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய மகன் நொக்ஸை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவருடைய தகப்பனைப் பிடிக்கும். அவருக்கும் அதே பெயர். 'ஆன்' என்ற கப்பலின் கப்டன் அவர்தான். புயலில் பாய்மரம் சேதமாகி, திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்த கப்பல் அது.

கரையில் பிடிபட்ட கப்டனிடம் கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல் என்று அரசனின் அதிகாரி கேட்டான். தான் கரையில் கட்டுண்டு கிடக்கையில் கப்பலில் உள்ளவர்கள் தன் சொல்லைக் கேட்பார்களோ தெரியாது, மகனை அனுப்பிக் கேட்கலாம் என்றார் கப்டன். மகனிடம் தனியே சொன்னது வேறு: பீரங்கியில் குண்டு போட்டு வை, இருட்டிய பிறகு எந்த வள்ளத்தையும் கிட்ட விடாதே என்று எல்லோருக்கும் சொல், நீ என்னிடம் திரும்பி வா. மகன் போய் உள்ளதை உள்ளபடி சொன்னான். மாலுமிகள் கூடி, இந்த விஷயத்தில் கப்டனுக்கும் கீழ்ப்படிய மாட்டோம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். மகன் அந்தக் கடிதத்தோடு கரைக்குத் திரும்பினான். கப்பல் தப்பியது. கப்டன் அடுத்த வருடம் சிறையிருப்பிலேயே இறந்தார்.

தன் ஆட்கள் தனக்கே 'முடியாது' என்று எழுதித் தரும்படி வழி செய்துகொடுத்த தலைவர். எங்கள் குடாக்கரையில் நடந்தது இது. முகாமைத்துவ வகுப்புகளில் இதைச் சொல்லித் தரலாம்.

*

கூகிள் கொம்பனியில் 2002 அளவில் எஞ்சினியர்களுக்கு மேல் மனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தார்கள். சில மாதம்தான் தாங்கியது. செலவுச் சீட்டும் மனஸ்தாபமும் எல்லாம் நேரே நிறுவனர் லாரி பேஜின் மேசைக்குப் போய்க் குவிந்தன. சில வருடம் கழித்து அதே கொம்பனி தன் ஆட்களின் மதிப்பீடுகளை எடுத்து ஆராய்ந்து, நல்ல மனேஜரின் குணங்கள் எட்டு என்று வரிசைப்படுத்தியது. முதலில் நின்றது ஆளை வளர்த்துவிடுகிற தன்மை. தொழில்நுட்ப அறிவு எட்டாவது.

இதைக் காட்டி, நிரல் தெரியாதவரும் எஞ்சினியர்களை நடத்தலாம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசி என்றாலும் அது எட்டுக்குள்தான் இருக்கிறது. "சேர்வரில் மெமறி மெல்ல மெல்ல ஏறுது" என்று ஒருவர் வந்து சொல்லும்போது, அது அடுத்த மாதம் பார்க்கிற விஷயமா, இன்றிரவே விழித்திருக்க வேண்டிய விஷயமா என்று பிரித்தறியத் தெரியாதவரிடம் யார் திரும்பத் திரும்பப் போய்ச் சொல்வார்கள்? சொன்னதன் கனம் கேட்பவருக்கு விளங்க வேண்டும். விளங்காத இடத்தில் பேச்சு தானாக நின்றுவிடும்.

*

வயல் வட்டைக்கு ஒரு வட்டவிதானை உண்டு. வயல்காரர் கூடித் தெரிந்தெடுப்பார்கள். அறுவடைக்கு நெல்லாக அவருக்குரியதைக் கொடுப்பார்கள். வேலியடைப்பு, மாடு காவல், தண்ணீர்ப் பங்கீடு எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் உறவில் ஒரு பெரியவர் அந்த வேலை பார்த்தார். அடுத்தவன் வயலில் அவர் உழமாட்டார், விதைக்கமாட்டார், எந்த நெல் போடு என்றும் சொல்லமாட்டார். வாய்க்கால் நீளத்துக்கும் நடப்பார். மடைக்குப் பக்கத்து வயலைப் பார்த்து நின்றுவிடமாட்டார், நேரே வாய்க்காலின் கடைசி வயலுக்குப் போவார். அங்கே தண்ணீர் ஏறியிருந்தால் நடுவில் எல்லாம் சரி என்று அவருக்குத் தெரியும்.

இரவில் நண்டு துளைத்து வரம்பு உடைந்தால் சனம் அவர் வீட்டுப் படலையைத்தான் தட்டும். யாருடைய கவனக்குறைவு என்று தெரிந்த உடைப்பாக இருந்தாலும் தட்டும். காரணம், அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் யாருடைய வரம்பு என்று கேட்பார். அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். யாருடையது என்று கேட்காமலும் விடமாட்டார். அடைத்து முடித்த பிறகு, வரம்பில் உட்கார்ந்து, ஏன் உடைந்தது, அடுத்த போகத்துக்கு என்ன செய்யலாம் என்று நிதானமாகக் கேட்பார்.

எங்கள் ரீமில் பெரிய பிழை ஒன்று நடந்தால் அது சரிவந்த பிறகு ஒரு பிழைக்குறிப்பு எழுதுகிறோம். எப்போது தொடங்கியது, யாருக்கு என்ன பாதிப்பு, எது அதை நடக்க விட்டது, எது மாற வேண்டும். ஆளின் பெயர் அதில் வராது. மேலைநாட்டு ரீம்களில் பத்துப் பதினைந்து வருடமாக இது வழக்கம். எனக்கு இதை எங்கோ ஏற்கெனவே பார்த்த உணர்வு இருந்தது.

*

2004 டிசம்பர் 26 அன்று மூதூர்க் கரையிலும் கடல் ஏறியது. நாடு முழுவதும் 30,000-க்கும் அதிகமானோர் போனார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே என்ன கொடுக்கிறது என்று எவரிடமும் ஒரே பட்டியல் இல்லை. அந்த நாட்களில் இலங்கை மென்பொருள் எஞ்சினியர்கள் தொண்டர்களாகக் கூடி 'சஹானா' என்ற மென்பொருளைக் கட்டினார்கள். சஞ்ஜீவ வீரவரண தொடங்கிவைத்த லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் அதற்குப் பின்னால் நின்றது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பதிவு என்று பகுதிகள். பிறகு அது திறந்த மூல மென்பொருளாக வளர்ந்து, 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006-இல் பிலிப்பீன்ஸ் மண்சரிவுக்கும், 2010-இல் ஹெய்ட்டிக்கும் போனது. 2006-ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது.

சுனாமியை நினைக்கிற ஒவ்வொரு டிசம்பரிலும் நான் சஹானாவையும் நினைப்பேன். தொண்டரைக் கொண்டு வேலை வாங்குகிறவருக்குக் கையில் ஒன்றும் கிடையாது. சம்பளத்தைக் கூட்டவும் முடியாது, வெட்டவும் முடியாது. பதவி உயர்வு இல்லை. பிடிக்காவிட்டால் ஆள் மறுநாள் வரமாட்டார். அங்கே ஒருவர் இரவு முழுக்க இருந்து வேலை செய்கிறார் என்றால், செய்வது எதற்கு என்று அவருக்குத் தெரிகிறது, தன் பேச்சை இங்கே கேட்கிறார்கள் என்றும் அவருக்குத் தெரிகிறது. சம்பளம் கொடுக்கிற இடத்திலும் இதை வைத்து என்னை அளந்துபார்ப்பது உண்டு. நாளைக்குச் சம்பளம் நின்றால், இந்த வேலையை என் கீழ் செய்ய எத்தனை பேர் வருவார்கள்?

அந்த மென்பொருளில் பக் என்றால் என்ன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதும். ஒரு பிள்ளையின் பெயரை ஒரு முகாமில் ஒருவிதமாகவும் தாய் இருக்கிற முகாமில் இன்னொரு விதமாகவும் பதிந்தால், தேடுகிற பெட்டி 'இல்லை' என்று சொல்லும். பிள்ளை உயிரோடு இருக்கும். அப்படி ஒரு குறையைக் கண்டவர் வெட்கப்பட்டோ பயந்தோ வாயை மூடிக்கொண்டு போகிற இடமாக ஒரு ரீம் இருந்துவிடக் கூடாது.

*

வாயை மூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்தானிய அஞ்சலகத்தின் ஹொரைசன் மென்பொருளைவிடக் கொடிய சான்றை நான் அறியேன். 1999 முதல் கிளை அஞ்சலகங்களுக்குப் போனது. கட்டியது ஃபுஜிட்சு. கணக்கில் காசு குறைவதாக அது பிழையாகக் காட்டியதை உண்மை என்று எடுத்து, திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று 900-க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா 2010-இல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். பிழைகள் இருந்ததை உள்ளே இருந்த எஞ்சினியர்கள் சிலர் அறிந்திருந்தார்கள். அங்கு வேலை செய்த ஒருவர் பிறகு நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னார். 2019 டிசம்பரில் நீதிமன்றம் மென்பொருளில் பிழை இருந்தது என்று தீர்த்தது. அதற்குள் இருபது வருடம்.

கீழே ஒருவருக்குத் தெரிந்தது மேலே போகவில்லை, அல்லது போயும் கேட்க ஆளில்லை. நடுவில் இருந்த ஒவ்வொரு கதிரையிலும் யாரோ ஒரு மனேஜர் இருந்தார். இதை நினைத்தால் இரவில் தூக்கம் வராது. வரக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

*

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் நின்றது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. அப்போது என் மனேஜராக இருந்தவர் கொழும்பில் ஒரு சிங்களப் பெண். என்னை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிடுவார். மின்சார சபை நாட்டை எழுத்து எழுத்தாகப் பிரித்து வெட்டு நேரம் வெளியிடும் அல்லவா, அவர் ஒவ்வொருவரிடமும் "உங்கள் வீடு எந்த எழுத்து?" என்று கேட்டு ஒரு தாளில் போட்டார். ஒவ்வொரு நாளும் அந்தத் தாளைப் புதுப்பித்தார். யாருக்கெல்லாம் எப்போது வெளிச்சம் என்று பார்த்து, அந்த நேரத்தில் எந்தக் கூட்டமும் வைக்காமல் விட்டார். கரண்ட் இருக்கிற சில மணி நேரம் கோட் எழுத. பேச வேண்டியதை எழுத்தில் வைத்தார், அவரவர் இருட்டில் போனில் வாசித்துப் பதில் போடலாம் என்று.

யாரும் அவரிடம் சாட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லுமுன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதங்களில் ரீமில் எவரும் வேலை பிந்தியதை மறைத்ததாக எனக்கு நினைவில்லை. நிரல் எழுதுகிறவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் முறியாமல் வேண்டும் என்பதைப் பல மனேஜர்கள் கேள்வியால் அறிந்திருக்கிறார்கள். அவர் அதைத் தன் பொறுப்பாக எடுத்து, ஒவ்வொரு நாளும் வெட்டிக் கொடுத்தார்.

*

கீழே இருந்து வந்த செய்தியை மேலே கொண்டுபோகாவிட்டால் கேட்டும் பயனில்லை. இதுதான் வேலையின் கடினமான பாதி. திகதி தள்ளும் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும், அதுவும் மூன்று கிழமை முன்னதாக, எழுத்தில். உடனே வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/360-ஐ நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், பிந்திய வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று. புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகும். ஐம்பது வருடமாகியும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. விளக்குவதில் எனக்குச் சலிப்பு இல்லை. அந்த விளக்கத்தை நான் நின்று கொடுக்காவிட்டால் அதன் விலையை ஓர் இளம் பெண்ணோ பையனோ தூக்கத்தில் கொடுப்பார்கள்.

*

ஆள் எடுக்கும் நேர்முகத்தில் முடிவில் "ஏதாவது கேக்க இருக்கா?" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலும் விடுமுறை, வேலை நேரம் பற்றிக் கேட்பார்கள். போன மாதம் வந்த பிள்ளை சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"உங்கட ரீம்ல கடைசியா நடந்த பெரிய பிழை என்ன அண்ணா? அதைச் செய்தவருக்குப் பிறகு என்ன நடந்தது?"

தரவுத்தளத்தில் ஒரு அட்டவணை அழிந்துபோனதைச் சொன்னேன். முந்தைய நாள் பிரதியிலிருந்து மீட்க மாலைவரை ஆனது. அழித்தவர் அந்த நிமிஷமே கோல் எடுத்துச் சொன்னதால்தான் மாலையோடு முடிந்தது. அவர் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார், பிரதி எடுக்கிற முழு ஏற்பாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு என்றேன்.

"அதை எழுதி வச்சிருக்கிறீங்களா? வாசிக்கலாமா?"

வாடிக்கையாளரின் பெயரை எடுத்துவிட்டு, பின்னேரமே அவளுக்கு அந்தக் குறிப்பை அனுப்பினேன்.